நாலுகண்ணன் வாயசைத்தது

அலாரம் ஐந்தே முக்காலுக்கு அடித்தது. நிறுத்தினான். பல் தேய்த்தான். அடுப்பில் தண்ணீர் வைத்து இரண்டு முட்டையைப் போட்டான். அது வேகும் நேரத்தில் குளித்தான். துவைத்த துணிக் குவியலில் மேலே கிடந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். துணி மடிப்பதை விட்டு நான்கு மாதம் ஆகிறது. முட்டையைத் தின்றான். உப்பு இல்லை. எழுந்து எடுக்கவில்லை. தட்டைக் கழுவிக் கவிழ்த்தான். அடுப்பை அணைத்தோமா என்று தொட்டுப் பார்த்தான். செருப்பை மாட்டினான். கதவைப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தான்.

படியிறங்கினால் தெருமுனை வரைக்கும் மூன்று நாய்கள். கறுப்பு குரைக்காது, முறைக்கும். கிழம் குரைப்பதாக நினைத்துக்கொண்டு இருமும். செவலை மட்டும்தான் ஒழுங்காகக் குரைக்கும். அது வாயைத் திறந்ததும் அவனுக்குள் ‘பதினேழு’ என்று ஓடும். அவன் மனைவி குரைத்ததில் பதினேழாம் எண் கோப்பு அச்சு அசல் அதே குரைப்பு.

மனைவி குரைத்தாள் என்றால் கேட்பவர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்வார்கள். அது அவள் தொழில். டப்பிங் ஸ்டூடியோவில் குரல் கொடுக்கிறவள். முதலில் கூட்டத்தில் கத்துகிற பெண்களாக இருந்தாள். பிறகு அழுகிற குழந்தை. ஒரு நாள் மாமியார் வேடத்துக்குக் குரல் சோதனைக்கு வந்தவளிடம், இடைவேளையில் ஒரு நாய்க் குரைப்பு குறைகிறது, குரைக்கத் தெரியுமா என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். குரைத்துக் காட்டினாள். வெளியே வாசலில் படுத்திருந்த நிஜ நாய் எழுந்து பதில் சொன்னது. அதோடு மாமியார் வேடம் போனது.

“போனா போகட்டும். மாமியாருக்கு ஆயிரம் பேர் வரிசையில நிக்கிறாங்க. நாய்க்கு நான் ஒருத்திதான்” என்பாள்.

அவன் அதே ஸ்டூடியோவில் ஒலிப்பதிவாளன். தடுப்புக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் இவன். காதலித்ததும் அப்படித்தான், பாதி நாள் சைகையில். கல்யாணமாகி மூன்று வருடம் வாழ்ந்தார்கள். நான்கு மாதத்துக்கு முன்னால் அவள் போய்விட்டாள். வயது இருபத்தொன்பது.

கடைசியாக அவர்கள் இருவரும் சேர்ந்து வேலை பார்த்தது ஒரு கார்ட்டூன் தொடர். பதிமூன்று பாகம். செத்தவர்கள் உள்ளே போகிற வாசல் ஒன்று; அதைக் காக்கிற நாய் ஒன்று. போகிறவர்களை விடும், திரும்ப வருகிறவர்களை விடாது. ஒவ்வொரு பாகத்திலும் யாராவது ஒருவர் ஏதாவது தகிடுதத்தம் செய்து வெளியே வரப் பார்ப்பார். நாய் பிடித்துவிடும். அதன் பெயர் நாலுகண்ணன். இரண்டு கண்ணுக்கும் மேலே இரண்டு வெளிர் புள்ளிகள்.

பெயர் வைத்தது இயக்குநர். கதையும் அவருடையதே. ஸ்டூடியோவில் அவர் முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயர் ‘புராணம்’. எதைக் கேட்டாலும் அங்கேதான் போய் நிற்பார்.

“நெத்தியில ரெண்டு புள்ளி இருக்கிற நாயை நாலு கண்ணு நாய்னு பல இடத்துல சொல்லுவாங்கய்யா. கீழ் கண்ணு நம்மளப் பாக்கும். மேல் கண்ணு நமக்குத் தெரியாததப் பாக்கும். எமன் வீட்டுப் பாதையில நிக்கிற ரெண்டும் அந்த மாதிரி நாய்ங்கதான்” என்று முதல் நாளே ஆரம்பித்தார்.

“மூணு தலை நாய் ஒண்ணு கேள்விப்பட்டிருக்கேன் சார்” என்றாள் அவள்.

“அது வேற ஆளுங்க கதை. ஆனா வேலை அதே வேலை. உள்ள விடும், வெளிய விடாது. இன்னொரு கண்டத்துல செத்தவன ஆத்துக்கு அக்கரை சேக்கிறதே நாய்தான். மலையேறி சொர்க்கத்துக்கு நடந்த ராஜாகூட கடைசி வரைக்கும் போனது யாரு? பொண்டாட்டி விழுந்துட்டா, தம்பிங்க விழுந்துட்டாங்க, நாய் விழல.”

“மூணு தலைன்னா மூணு மடங்கு சம்பளம் கேட்டிருப்பேன். ஒரு தலையா வெச்சுத் தப்பிச்சுட்டீங்க” என்றாள்.

அப்போது அவன் இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. மைக் அளவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். அவள் போன பிறகுதான் காதில் விழத் தொடங்கியது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் நாய்க் கதைகளைத் தேடிப் படித்தான். துக்கத்துக்கு மருந்து என்றெல்லாம் இல்லை. வேறு எதுவும் மனதில் ஒட்டவில்லை, இது ஒட்டியது. கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும், ஒருவரையொருவர் கண்ணால் பார்த்திராத ஜனங்கள் எல்லோரும் சாவின் வாசலில் கொண்டுபோய் ஏன் நாயை நிறுத்தினார்கள்? ஏன் யானை இல்லை? சிங்கம் இல்லை? ஒரு நாள் இயக்குநரிடமே கேட்டான். அவன் வாயைத் திறந்து கேள்வி கேட்டதில் அவருக்குப் பரம சந்தோஷம்.

“சிங்கம் தூங்கிரும். யானைக்கு வாசல் பத்தாது.”

“பூனை?”

“பூனையா? கதவத் திறந்தா போகாது, மூடினா கத்தும். செத்தவன் நொந்துருவான்யா.”

பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, “நாய்க்கு மட்டும்தான்யா காத்திருக்கத் தெரியும். ரயிலடியில செத்துப்போன எஜமானுக்காக வருஷக்கணக்கா நின்ன நாய் இருக்கு. அது கதை இல்ல, நெசம்” என்றார்.

அந்தப் பதில் அவனுக்குப் போதவில்லை. ஆனாலும் குறித்துக்கொண்டான்.

*

பதிமூன்றாம் பாகத்தில் நாலுகண்ணனின் பழைய எஜமான் வாசலுக்கு வருகிறார். கிழவர். செத்துத்தான் வருகிறார். நாய்க்கு என்ன சத்தம் வரும்? ஸ்கிரிப்டில் ‘நாய் உணர்ச்சிவசப்படுகிறது’ என்று எழுதியிருந்தது. “இது ஒரு வசனமா சார்?” என்று அவள் இயக்குநரைக் கிண்டலடித்துவிட்டுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனாள். இயக்குநர் ஏதோ கூட்டம் என்று கிளம்பிவிட்டார். இருவர் மட்டும்.

பதினொரு டேக் எடுத்தார்கள். குரைத்தாள். முனகினாள். வாலாட்டுகிற மாதிரி மூச்சு வாங்கினாள். ஊளையிட்டாள். ஒன்றும் சரிப்படவில்லை. பன்னிரண்டாவது டேக்கில் அவள் குரைக்கவே இல்லை. மூக்கால் நீளமாக ஒரு மோப்பம். நடுவில் ஒரு கணம் நின்றது. மறுபடி மோப்பம். பிறகு மூச்சை விட்டாள். ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு முழங்கை வரை மயிர் நின்றது.

அடுத்து நடந்தது பத்து வருடப் பழக்கம். ஒரு விரல் பதிவை நிறுத்தும். இன்னொரு விரல் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துப் பேச்சை அடைக்கும். கை தானாக ஹெட்போனைக் கழற்றும். ஒலிப்பதிவாளன் டேக்கை மட்டும்தான் கேட்பான். டேக்குக்கு வெளியே இருப்பதெல்லாம் அவனுக்குக் குப்பை. நிமிர்ந்து பார்த்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. அவனைப் பார்த்து ஏதோ சொன்னாள். அவன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். பிரமாதம் என்று அர்த்தம். அப்படியே குனிந்து கோப்புகளுக்குப் பெயர் வைக்க ஆரம்பித்தான். பன்னிரண்டு கோப்பு, பன்னிரண்டு பெயர்.

முடித்துவிட்டு வெளியே வந்தால் நடைபாதை பெஞ்சில் சுவரோடு சாய்ந்து கிடந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தான். தலையில் ரத்தக்குழாய் ஒன்று வெடித்திருந்தது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தாள். கண் திறக்கவில்லை. ஒரு சொல் பேசவில்லை. டாக்டர் அவனை ஓரமாக அழைத்து, “ஒரு பத்து நிமிஷம் முன்னாடி கொண்டு வந்திருந்தீங்கன்னா...” என்றார். வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. நான்கு மாதமாக இவன்தான் முடித்துக்கொண்டிருக்கிறான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அவள் என்ன சொன்னாள்? எனக்கு என்னமோ பண்ணுது என்றாளா? தலை வலிக்கிறது என்றாளா? உதவிக்குக் கூப்பிட்டவளுக்குக் கட்டைவிரலைக் காட்டிவிட்டுக் குனிந்துகொண்டானா? அவனுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். அந்தக் கட்டைவிரலைப் பற்றி அவன் யாரிடமும் சொல்லவில்லை.

*

அன்றைக்கு ஸ்டூடியோவுக்குள் நுழைந்ததும் இயக்குநர் பாய்ந்து வந்தார்.

“வந்துருச்சுய்யா! பதிமூணு வந்துருச்சு. மேல இருந்து இப்பத்தான் அனுப்பினாங்க. உக்காரு, உக்காரு.”

கார்ட்டூனில் குரல்தான் முதலில். படம் மாதக்கணக்கில் பின்னால் வரும். மேல் மாடியில் வரைகிற பெண் ஒருத்தி இருக்கிறாள். இவன் கொடுக்கிற சத்தத்துக்கு அவள் வாய் வரைவாள். இரண்டையும் சேர்த்துப் பொருத்துவது இவன் வேலை.

ஓடவிட்டான். மூடுபனி. வாசல். தடியூன்றி வருகிற கிழவர். நாலுகண்ணன் எழுந்து நிற்கிறது. மூக்கை நீட்டுகிறது. பன்னிரண்டாவது டேக் மூக்கின் அசைவோடு மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தது. மோப்பம், நிற்றல், மோப்பம், மூச்சு. இயக்குநர் கைக்குட்டையை எடுத்தார்.

காட்சி அங்கே முடியவில்லை. நாய் கிழவரை விட்டுத் தலையைத் திருப்பியது. நேராக இவர்களைப் பார்த்தது. வாயைத் திறந்தது. ஆறு வினாடி வாயசைத்தது. குரைப்பு இல்லை, பேச்சு மாதிரி. பிறகு கொஞ்ச நேரம் எதையோ பார்த்தது. கடைசியில் முன்னங்காலைத் தூக்கித் தலையில் வைத்தது. இருட்டு.

சத்தம் துளி இல்லை.

“ஏய்யா! நிறுத்து, நிறுத்து. என் நாய் பேசுதேய்யா!”

“வாய்தான் அசையுது சார்.”

“பன்னெண்டு பாகமா சேனல்காரன்கூட மல்லுக்கு நின்னேன். கார்ட்டூன் நாய்னா பேசணும், பாடணும், ஸ்கேட்டிங் போகணும்னான். செத்தாலும் என் நாய் பேசாதுன்னேன். இப்ப கடைசி நிமிஷத்துல வந்து வாயத் திறக்குது பாரு, துரோகி.”

மறுபடி போடச் சொன்னார். மூன்றாம் முறை பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது.

“ஆனா நல்லாத்தான்யா இருக்கு. எஜமான் வந்ததச் சொல்லுது. கடைசியா ஒரு சலாம் வேற போடுது, பாத்தியா? இத வெட்ட மனசு வரல. இதுக்கு ஒரு குரல் போட்டுருவோம். யாராவது வேற ஆள...” பாதியில் நிறுத்திக்கொண்டார். “தப்பா எடுத்துக்காத. நாளைக்குக் கொடுத்தாகணும்.”

“சாயங்காலம் சொல்றேன் சார்.”

அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு அந்த ஆறு வினாடியை மட்டும் வெட்டியெடுத்துச் சுற்றவிட்டான். முதல் முறையிலேயே அவனுக்கு உறைத்துவிட்டது. இயக்குநர் இருந்ததால் முகத்தைக் காட்டவில்லை. நாயின் நெற்றியில் இடது பக்கப் புள்ளி முதலில் எழும்புகிறது, வலது பக்கம் சற்றுத் தாமதித்து எழும்புகிறது. அந்தப் புருவத்தை அவன் மூன்று வருடம் தலையணைக்குப் பக்கத்தில் பார்த்திருக்கிறான்.

மைக்குக்கு மேலே ஒரு சிறிய கேமரா இருக்கும். குரல் கொடுக்கிறவரின் முகம் மேல் மாடிக்காரர்களுக்கு வேண்டும். தினமும் சாயங்காலம் ஒருவர் வந்து அதிலிருந்து கார்டை உருவிக்கொண்டு போவார். அதோடு இவனுக்குச் சம்பந்தம் இல்லை. முகம் அவர்கள் இலாகா, சத்தம் இவன் இலாகா. இவன் பதிவை நிறுத்தினால் டேக் முடிந்தது. ஆனால் கேமராவுக்கு அது எப்படித் தெரியும்? அது பாட்டுக்கு ஓடியிருக்கிறது. மேலே வரைகிறவள் டேக் முடிந்தது தெரியாமல் அதற்குப் பின்னால் இருந்ததையும் சேர்த்து வரைந்துவிட்டாள்.

அப்படியானால் நாலுகண்ணன் வாயில் இருப்பது அவள் பேச்சு.

ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தினான். வாய் விரிந்தது, குவிந்தது, மூடியது. “தலை வலிக்குது” என்று தானே சொல்லிப் பொருத்திப் பார்த்தான். பொருந்தியது. “வீட்டுக்குப் போலாமா” பொருந்தியது. “எனக்கு என்னமோ பண்ணுது” பொருந்தியது. ‘பெட்ரோல் போடணும்’ என்று வைத்துப் பார்த்தான், அதுவும் பொருந்தியது. நாயின் மோவாயில் மனித உதடு எங்கே இருக்கிறது? எதை ஊட்டினாலும் வாங்கிக்கொண்டது.

ஆனால் அந்த முன்னங்கால். அது அவள் கை. பேசி முடித்ததும் கை தலைக்குப் போயிருக்கிறது. அதற்குப் பொருந்துகிற வாக்கியம் அவனுக்குத் தெரிந்து ஒன்றுதான் இருந்தது.

படித்த கதைகள் எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. வேடிக்கையாக இருந்தது. எல்லா ஊர்க் கதையிலும் அந்த நாய் பார்க்கிறது, நிற்கிறது, கூட வருகிறது, விடுகிறது, மறிக்கிறது. அது என்ன சொன்னது என்று எந்தக் கதையிலும் இல்லை. ஒருவரும் கேட்டு வைக்கவில்லை. ஆயிரக்கணக்கான வருடம் வாசலில் நின்ற பிராணியிடம், சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

கைபேசி அதிர்ந்தது. மாமியார்.

“சாப்பிட்டீங்களா மாப்ள?”

“ஆச்சு அத்தை.” ஆகவில்லை.

“பீரோவ ஒழிச்சேன். அவ ஸ்கூல்ல நாய் மாதிரி கத்தி டீச்சர்கிட்ட வாங்கின கடுதாசி ஒண்ணு கெடச்சுது. பத்திரமா வெச்சிருக்கேன்.” அடுத்து வரும் கேள்வி அவனுக்குப் பழக்கம். வாரத்துக்கு ஒருமுறை வரும். “மாப்ள, கோவிச்சுக்காதீங்க. கடைசியா எதுவுமே சொல்லலையா? ஒரு வார்த்தைகூடவா?”

இல்லை அத்தை என்பது அவன் வழக்கமான பதில். இன்று வாய் வரவில்லை.

“பாத்துச் சொல்றேன் அத்தை” என்றான்.

அந்தப் பக்கம் அந்த அம்மாளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. அவன் போனை வைத்துவிட்டு மாடிப்படி ஏறினான்.

*

வரைகிற பெண்ணை எல்லோரும் ‘பென்சில்’ என்பார்கள். காதில் எப்போதும் ஒன்று செருகியிருக்கும். கணினியில் வரையத் தொடங்கிப் பல வருடம் ஆகியும் அது இறங்கவில்லை. மேசையில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று நிமிர்த்தி வைத்திருப்பாள். அவன் போனபோது அதில் பார்த்து ஓநாய் மாதிரி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள். வெட்கப்பட்டு வாயை மூடினாள்.

“அடுத்த வேலைண்ணா. ஓநாயா மாறுற மனுஷன். உக்காருங்க.”

“பதிமூணாவதுல கடைசி சீன்.”

“ஐயோ. சரியா வரலையா?”

“நல்லா வந்திருக்கு. மோப்பத்துக்கு அப்புறம் நாய் வாயசைக்குதே, அது எங்கேருந்து வந்துச்சு?”

“வீடியோல இருந்துச்சே! அக்கா பண்ணினாங்க, நான் வரைஞ்சேன்.” அவள் கண்கள் அகன்றன. “அது டேக் இல்லையாண்ணா?”

“டேக் அதுக்கு முன்னாடியே முடிஞ்சிருச்சு.”

“கடவுளே. எனக்கு எப்படித் தெரியும்? நான் சத்தம் வெச்சுக்கவே மாட்டேன். சத்தம் கேட்டா கை முகத்த விட்டுட்டு அது பின்னாடி ஓடிரும். ஊமையா ஓடவிட்டுத்தான் வரைவேன்.” காதிலிருந்த பென்சிலை உருவிக் கையில் பிடித்துக்கொண்டாள். “நாலுகண்ணன் மூஞ்சி முழுக்க அக்காதான்ணா. நாய்க்குப் புருவம் கிடையாது. புருவம் இல்லாம எப்படி நடிக்கிறது? அந்த ரெண்டு புள்ளி இருக்கவும்தான் தப்பிச்சேன். அக்கா புருவத்தத் தூக்கினா நான் புள்ளியத் தூக்குவேன். சார் அதுக்கு என்னென்னமோ புராணம் சொல்றாரு, மேல் கண்ணு அதப் பாக்கும் இதப் பாக்கும்னு. எனக்கு அது அக்கா புருவம், அவ்வளவுதான்.”

அந்த ஓநாய் மனிதன் திரையில் பாதி மாறி நின்றுகொண்டிருந்தான்.

“ஏன்ணா, நான் ஒண்ணு கேக்கட்டுமா?” என்றாள். “நாயும் ஓநாயும் ஒரே வம்சம்தானே. கதையில மட்டும் ஓநாய்னா வில்லன், நாய்னா காவல். எப்ப கட்சி மாறிச்சு?”

வேறொரு நாளாக இருந்தால் அந்தக் கேள்விக்குப் பின்னால் அவனும் போயிருப்பான். “தெரியல” என்றான். பிறகு, “அந்த வீடியோ இருக்கா?”

“பழசெல்லாம் அழிச்சிருவோம்ணா. இடமே பத்தாது.”

அவன் தலையாட்டினான். எழுந்துகொள்ளவும் பார்த்தான்.

“இருங்கண்ணா. அத மட்டும் அழிக்கல. அழிக்க கை வரல.” குரல் தாழ்ந்தது. “உங்ககிட்ட கொடுக்கணும்னு ரெண்டு தடவ கீழ வந்தேன். நீங்க குனிஞ்சே இருந்தீங்க. திரும்பிட்டேன்.”

“அதுல சத்தம் இருக்குமா?”

“இருக்கும். அந்தக் கேமரால மைக்க எப்படி அணைக்கிறதுன்னு எங்க யாருக்குமே தெரியாது.”

அவள் கோப்பைத் தேடினாள். தேடும்போது அவன் சொல்லிவிட்டான். யாரிடமும் சொல்லாததை அவளிடம் ஏன் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. அந்த முகத்தை அவனைப் போலவே மணிக்கணக்கில் உற்றுப் பார்த்த இன்னொரு ஆள் உலகத்தில் அவள்தான் என்பதாலோ என்னவோ.

“அவ ஏதோ சொன்னா. நான் கேக்கல. கட்டைவிரலத் தூக்கிக் காமிச்சேன். அதுக்கப்புறம் அவ பேசவே இல்ல.”

பென்சிலின் கை மவுஸில் நின்றது.

“உதவி கேட்டிருந்தா?” என்றான்.

“தெரியலண்ணா. முகத்தப் பாத்துச் சொல்லத் தெரிஞ்சிருந்தா நான் டேக்னு நெனச்சிருப்பேனா?” என்றாள். ஆறுதலாக ஒன்றும் சேர்க்கவில்லை. அதற்காக அவளை அவனுக்குப் பிடித்தது. “நான் கேட்டுட்டுச் சொல்லட்டுமா?”

ஆமாம் என்று சொல்லலாம் போலத்தான் இருந்தது.

“வேணாம். நானே கேக்கிறேன்.”

அவள் கோப்பைத் திரையில் திறந்து வைத்தாள். தன் ஹெட்போனைத் துடைத்து மேசையில் வைத்தாள். டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று போனாள். டீ மேலேயே கிடைக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

பழக்கம் விடவில்லை. முதலில் சத்தத்தை அடைத்துவிட்டுத்தான் ஓடவிட்டான்.

மைக்குக்கு முன்னால் அவள். மஞ்சள் சட்டை. கூந்தலை மேலே தூக்கிக் கிளிப் போட்டிருந்தாள். கண்ணை மூடி மூக்கை நீட்டினாள். மோப்பம். நின்றது. மோப்பம். மூச்சு. கண்ணைத் திறந்தாள். தோள் தளர்ந்தது. இடது புருவம் எழும்பியது, வலது பின்னால் வந்தது. கண்ணாடிப் பக்கம் திரும்பிப் பேசினாள். முகத்தில் வலி இருக்கிறதா என்று தேடினான். அவனுக்கும் முகம் படிக்கத் தெரியவில்லை. பத்து வருடமும் காதைத்தான் வளர்த்திருக்கிறான்.

படத்தின் ஒரு ஓரத்தில் கண்ணாடி தெரிந்தது. அதில் மங்கலாக இவன். குனிந்த தலை நிமிர்வதும், கை எழுவதும், கட்டைவிரல் நிற்பதும் தெளிவாகவே தெரிந்தது. அவள் அந்தக் கட்டைவிரலைப் பார்த்தாள். நாலுகண்ணன் கொஞ்ச நேரம் எதையோ பார்த்ததே, அது இதுதான். அதற்குள் கண்ணாடியில் தெரிந்தவன் மறுபடி குனிந்துவிட்டான். அவள் கை எழுந்து தலைக்குப் போனது.

படம் நின்றது.

ஹெட்போனை எடுத்து மாட்டினான். அறை பகல் வெளிச்சத்தில் பளிச்சென்றிருந்தது. கீழே இயக்குநர் யாரிடமோ போனில் கத்துவது ஹெட்போனைத் தாண்டி லேசாகக் கேட்டது. சத்தத்தைத் திறந்து, கோப்பை முதலிலிருந்து ஓடவிட்டான்.

இரைச்சல் குறைவு. அவன் காது தானாக அளந்தது. கேமரா மைக்குக்கு இது பரவாயில்லை. அவள் எச்சில் விழுங்குவது கேட்டது. சட்டை உரசுவது கேட்டது. மோப்பம், நிற்றல், மோப்பம். பன்னிரண்டாவது டேக்கின் மூச்சு முடிந்தது. இந்த இடத்தில்தான் அன்றைக்கு அவன் விரல் நிறுத்தியது. இப்போது விரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டான்.

ஒரு சின்னச் சிரிப்பு முதலில் வந்தது. பிறகு அவள் குரல், நிதானமாக, தெளிவாக, நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்ட குரல்:

“யோவ், ஒரு சந்தேகம். வாசல விட்டு நகராம இத்தன காலமா நிக்குதே, இந்த நாய்க்கு யாருய்யா சோறு வெக்கிறது?”